மலையகத் தேயிலையும் ஆராய்ச்சி அறிவின் பரம்பலும்

உழவுத்தொழிலைப் பற்றி எழுதப் புகுவோர் திருக்குறளின் உழவதிகாரத்தை முதற்கண் நினைவுகூர்தல் நம்மவர் மரபு. அம்மரபு பொருளற்றதன்று. நிலத்தில் இறங்கி உழைப்பவனே நிலத்தை அறிந்தவன் என்னும் எண்ணம் நம் முன்னோர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. மண்ணின் ஈரத்தைக் கையால் தொட்டறிந்து, காற்றின் திசையை நோக்கி விதைநாளைக் குறித்தவனும் அவனே. ஏர் பிடித்தவனும் அவனே. அறிவும் உழைப்பும் ஓருடலில் உறைந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் எழுந்த பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை இவ்விரண்டையும் வேறு பிரித்தது. பயிரைப் பற்றிய அறிவு ஒரு சாராரிடமும், பயிரைத் தொட்டுச் செய்யும் வேலை மற்றொரு சாராரிடமும் சென்று சேர்ந்தன. இவ்விரு சாராருக்கும் இடையில் மொழியும் சம்பளமும் மதில்போல் நின்றன. கோதுமை, நெல் முதலிய பயிர்களின் வரலாற்றிலே ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய அறிவு கமக்காரனுடைய வயலுக்குச் சென்ற வழியைக் காண்கின்றோம். தேயிலையின் வரலாற்றிலே அவ்வறிவு எங்கே சென்றது, எங்கே நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பி கற்பித்த பாடம்

தேயிலைக்கு முன்னர் மலைநாட்டை ஆண்ட பயிர் கோப்பி. 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திலே கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண இயலில் வல்லவரான பெர்க்கிலி என்பார் அதனை ஆராய்ந்து ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி ‘பாழ்படுத்துவது’ எனப் பொருள்படும். பெயர் பொய்க்கவில்லை.

நோய் தோன்றிப் பதினோராண்டு கழிந்த பின்னரே அதனை ஆராயவென ஓர் அறிஞரை அரசாங்கம் வருவித்தது. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் இரண்டாண்டு தங்கி உழைத்தார். பசையுள்ள பதார்த்தம் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிற் கட்டித் தொங்கவிட்டு, காற்றிலே பறந்து வரும் நோய் வித்துகளை அவற்றிற் பிடித்து உருப்பெருக்கியால் நோக்கினார். இலைத்துரு நோய் காற்றினாற் பரவுகின்றது என்பதை நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் இத்துணை விரைவிற் பரவக் காரணம் என்றும், பயிர்களுக்கிடையே காற்றைத் தடுக்கும் மரங்கள் நின்றிருத்தல் வேண்டுமென்றும் எடுத்துரைத்தார்.

தோட்டக்காரர் எதிர்பார்த்ததோ ஒரு மருந்து. வார்ட் கொடுத்தது ஒரு விளக்கம். காலங்கடந்து வந்த அவ்விளக்கத்தாற் பயன் கொள்வார் இலர். 1880களின் இறுதிக்குள் கோப்பி வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியில் முதலாளிகள் பலர் முதலை இழந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்து அத்தோட்டங்களிலே உழைத்த தமிழ்த் தொழிலாளர் பல மாதக் கூலி நிலுவையை இழந்தனர். இலைகள் உதிர்வதை அனைவர்க்கும் முன்னர்க் கண்டவர் அவர்களே. ஏன் உதிர்கின்றன என்று அவர்களுக்குச் சொன்னவர் எவருமிலர்.

கோப்பி கற்பித்த பாடம் இரண்டு. ஆராய்ச்சி நோய்க்கு முன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. ஆராய்ச்சியிற் கண்டதை உரிய காலத்தில் உரியவரிடம் சேர்க்கும் வழி இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முதற் பாடத்தைத் தோட்டக்காரர் நன்கு கற்றனர். இரண்டாவதைப் பாதியே கற்றனர்.

தேயிலை ஆராய்ச்சி நிலையம்

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை நட்ட வரலாற்றை நம் மாணவர் பாடநூலிற் கற்றிருப்பர். அக்காலத்திலே தேயிலை செய்யும் நுட்பத்தை எழுதி வைத்தோர் இங்கில்லை. டெய்லர் தம் பங்களாவின் விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டிப் பழகினார். கோப்பி வீழத் தொடங்கியபோது அயல் தோட்டத்தார் அவரிடம் வந்து பார்த்துக் கற்றுச் சென்றனர். 1881இலே கொழும்பிற் பெர்குசன் குடும்பத்தார் ‘ட்ரொப்பிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ என்னும் மாத இதழைத் தொடங்கினர். வெப்பவலயப் பயிர்களைப் பற்றிய செய்திகள் யாவும் அதில் இடம்பெற்றன. ஒரு தோட்டத்தார் கண்டதை மற்றொரு தோட்டத்தார் அறியும் வாயில் இவ்வாறு திறந்தது. அது ஆங்கில வாயில்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பயிராராய்ச்சி நிலையங்கள் பெருகின. இங்கிலாந்தின் றொதாம்ஸ்டெட் என்னுமிடத்திலே லோஸ், கில்பேர்ட் என்னும் இருவர் 1843இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை எல்லோர்க்கும் முன்மாதிரியாயிருந்தது. ஒரே வயலில், ஆண்டுதோறும், எரு இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே வைத்து விளைச்சலை ஒப்பிட்டுப் பார்க்கும் அம்முறை இன்றுவரை அங்கே இடையறாது நடைபெறுகின்றது. அசாமிலே ரொக்லாய் என்னுமிடத்தில் 1911இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

இலங்கையில் 1925ஆம் ஆண்டிலே தேயிலை ஆராய்ச்சிக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பேராதனையிற் பூஞ்சண இயலறிஞராய்ப் பணியாற்றிய தோமஸ் பெச் புதிய நிலையத்தின் முதற் பணிப்பாளரானார். நுவரெலியாவிலே தொடங்கிய வேலை, சில ஆண்டுகளிலே தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. இன்றும் ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில், 1380 மீற்றர் அளவான உயரத்திலே அந்நிலையம் அமைந்திருக்கக் காணலாம். ‘தேயிலைக் காலாண்டிதழ்’ எனப் பொருள்படும் பெயருடன் 1928 முதல் அதன் ஆங்கில வெளியீடு வரலாயிற்று.

இந்நிலையத்துக்குப் பணம் வந்த வழியை ஈண்டு கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏற்றுமதியாகும் தேயிலையின் நிறைக்கேற்ப விதிக்கப்பட்ட ஒரு சிறு வரியே அதன் வருமானம். கப்பலேறும் ஒவ்வோர் இறாத்தலிலிருந்தும் ஒரு துளி ஆராய்ச்சிக்குச் சென்றது. அவ்வரியைச் செலுத்தியவர் கம்பனிக்காரர் என்பது கணக்குப் புத்தகத்தின் முடிவு. ஆயினும் அவ்விறாத்தலைக் கூடையிலே சுமந்து கொழுந்து மடுவத்திற்குக் கொண்டுவந்தவள் லயத்திலே வாழ்ந்த பெண். ஆராய்ச்சிக்கு ஈந்தவருள் அவளையும் சேர்த்தெண்ணுவதே நேர்மை. ஈந்தவருக்கு அதன் பயனை அறியும் உரிமையும் உண்டு.

அறிவு சென்ற வழி

நிலையத்திலே கண்ட உண்மை மலைக்குச் சென்ற வழியைப் படிப்படியாக நோக்குவோம். அறிஞர் தம் முடிபுகளை ஆங்கில இதழிலும் சுற்றறிக்கையிலும் எழுதினர். அவை தோட்டத்துரையின் மேசையை அடைந்தன. துரை அதனை வாசித்து, தம் தோட்டத்துக்கு ஏற்றதெனக் கண்டாற் கணக்கப்பிள்ளையிடம் கூறினார். கணக்கப்பிள்ளை அதனைக் கங்காணியிடம் கூறினார். கங்காணி விடியற்காலைப் பிரட்டுக்களத்திலே, இன்றைக்கு இன்ன மலையில் இன்ன வேலை என்று தொழிலாளரிடம் கூறினார். ஒவ்வொரு படியிறங்கும்போதும் அச்செய்தியிலிருந்து ஒவ்வொரு பகுதி கழன்றது. மேசையிலே ‘ஏன்’, ‘எவ்வாறு’, ‘எப்பொழுது’ என்னும் மூன்றுமிருந்தன. பிரட்டுக்களத்துக்கு வந்தபோது ‘செய்’ என்னும் ஒன்றே எஞ்சியது.

இதற்குச் சான்றாக அக்காலத்து மொழி நூல்களை நோக்கலாம். தோட்டத்துரைமார் தமிழ் பயில்வதற்கென வெளிவந்த கைந்நூலொன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பது. 1915இல் வெளிவந்த வேல்ஸ் என்பாரது நூல் ‘கூலித் தமிழ்’ எனப் பெயர் பெற்றது. தமிழைத் துரைமார் கற்கவில்லை எனல் பொருந்தாது, கற்றனர். ஆனால் அவர்கள் கற்ற தமிழ் ஏவற்றமிழ். ஆராய்ச்சியின் காரணகாரியத்தை விளக்குவதற்கு அத்தமிழ் போதாது. விளக்க வேண்டுமென்ற நோக்கமும் அக்காலத்து ஆட்சிமுறைக்கு இல்லை.

தொழிலாளருக்கு எழுத்துத் தெரியாதே, இதழ் வெளியிட்டு என்ன பயன் என வினவுவார் இருக்கலாம். தோட்டப் பாடசாலைகளின் நிலை அந்நாளிற் பரிதாபத்திற்குரியது என்பது உண்மையே. ஆயினும் 1920களிலே கோ. நடேசய்யரின் தமிழ் ஏடாகிய ‘தேசபக்தன்’ தோட்டங்களை எட்டியது. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டல் அக்கால வழக்கு. கூலியையும் உரிமையையும் பற்றிய செய்தி அவ்வாறு பரவக்கூடுமாயின், கொழுந்தையும் வேரையும் பற்றிய செய்தி பரவுதலும் கூடுமன்றோ? வழி இருந்தது, அனுப்புவார் இலர்.

வேரிலுள்ள மாப்பொருள்

காரணம் அறிந்து செய்வதற்கும் அறியாது செய்வதற்குமுள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்துதலைக் கவ்வாத்து என்பர். இலைகள் யாவும் நீங்கிய செடி எதை உண்டு மீளத் தளிர்க்கின்றது? வேரிலே சேமித்து வைத்துள்ள மாப்பொருளை உண்டு தளிர்க்கின்றது. அச்சேமிப்புக் குறைந்திருக்குங் காலத்திலே வெட்டினாற் கிளைகள் காய்ந்து செடி மடியவுங்கூடும். உயர்ந்த மலைகளிற் குளிரினால் வேரிலே மாப்பொருள் மிகுதியாகச் சேர்கின்றது, தாழ்நிலத்திற் குறைவு. ஆதலால் தாழ்நிலத் தோட்டங்களிற் செடியை முற்றாக வெட்டாமல் இலையுள்ள சில கிளைகளை விட்டு வெட்டுதல் வேண்டுமென ஆராய்ச்சியாளர் வகுத்தனர். வெட்டுமுன் வேரில் ஒரு துண்டை எடுத்து அயடீன் கரைசல் இட்டுப் பார்த்தால், மாப்பொருள் உள்ள வேர் கருநீலமாகும்.

இச்சோதனை நம் பாடசாலையிலே கீழ்வகுப்பு மாணவன் உருளைக்கிழங்கிலே செய்து பார்ப்பதுதான். மலைநாட்டுப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த காலத்திலே, உருளைக்கிழங்கு கருநீலமானதைக் கண்டு வியந்த வகுப்பினரிடம் தேயிலை வேரைப் பற்றியும் கூறினேன். மறுநாட் காலை ஒரு மாணவன் தாளிலே சுற்றிய வேர்த்துண்டொன்றைக் கொண்டுவந்தான். அவனுடைய தந்தையார் பல்லாண்டு காலமாகக் கவ்வாத்து வெட்டுபவர். வேர் கருநீலமானதை மகன் வீட்டிற் சொன்னபோது, “அதற்காகத்தான் வெட்டுவதற்கு முன் சில கிழமை கொழுந்தெடுக்காமற் செடியை ஆறவிடச் சொல்கிறார்களா?” என்று தந்தையார் கேட்டாராம். அவர் நெடுங்காலமாக அவ்வாறே செய்து வந்தவர். அதன் காரணம் அன்றுதான் அவர் வீடு தேடிச் சென்றது. அவ்வினாவைக் கேட்ட நாள் முதலாகவே இக்கட்டுரையின் பொருள் என் உள்ளத்தில் இருந்து வருகின்றது.

இரண்டு சோதனைகள்

ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதவை. முதலாவது கொப்புள நோய். 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களிலும் இலங்கையிலும் இந்நோய் தலைகாட்டியது. அசாமில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. நாம் பறித்தெடுக்கும் இளந்தளிரையே இந்நோய் பற்றுவதால், கோப்பியின் கதி தேயிலைக்கும் நேருமோவென அனைவரும் அஞ்சினர். ஆனால் இம்முறை நிலையம் ஆயத்தமாயிருந்தது. செம்பு கலந்த மருந்தைத் தெளித்து நோயை அடக்கும் முறை வகுக்கப்பட்டது. வெயில் குறைந்து, மூடுபனியும் மழையும் நீடிக்கும் நாட்களிலேதான் நோய் பெருகுகின்றது என்பதை அறிஞர் அளவிட்டுக் காட்டினர். 1961இல் வெளிவந்த அத்தகைய ஆய்வொன்றிலே விசர் என்பாரோடு சண்முகநாதன், சபாநாயகம் என்னும் இரு தமிழறிஞர் பெயரும் காணப்படுதல் நமக்கு மகிழ்ச்சி தருவது.

இக்கண்டுபிடிப்பின் பயன் யாது? நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பதை விட்டு வானத்தைப் பார்த்து மருந்தடிக்கலாம் என்பதே. மருந்துச் செலவு குறையும். தெளிகருவியை முதுகிலே சுமப்பவனுக்கும் வேலை குறையும். வானத்தை நாள்தோறும் பார்ப்பவன் மலையில் நிற்பவனே. இன்ன மலையில் மூடுபனி எத்தனை மணிக்கு விலகும், எந்த மடுவில் இலை காயாமற் கிடக்கும் என்பனவற்றை அவன் அறிவான். ஆராய்ச்சியாளரின் அளவையும் அவனுடைய பழக்க அறிவும் கூடியிருப்பின் பயன் இரட்டித்திருக்கும்.

இரண்டாவது நிகழ்ச்சி ஆராய்ச்சியே தன்னைத் திருத்திக்கொண்ட வரலாறு. இலையைச் சுருட்டி உள்ளிருந்து உண்ணும் ஒருவகைப் புழு முன்னாளிலே தேயிலைக்குப் பெருங்கேடு விளைத்தது. அதன் முட்டைத் திரள்களைக் கையாற் பொறுக்கி அழிப்பதே பழைய முறை. 1930களின் நடுவிலே ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தை வருவித்து விட்டனர். அக்குளவி புழுவின் உடலிலே முட்டையிட்டு அதனை அழித்தது. சில ஆண்டுகளிலே புழு அடங்கியது. பின்னர், 1950களின் இறுதியையொட்டி, தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு பல தோட்டங்களிலே தெளிக்கப்பட்டது. நஞ்சு வண்டை மட்டும் கொல்லவில்லை. காவல் செய்த குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் கிளர்ந்தெழுந்தது. பூச்சியியலறிஞர் காரணத்தைக் கண்டறிந்து உரைத்தபின் அந்நஞ்சின் பயன்பாடு கைவிடப்பட்டது.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. சுருண்ட இலைகள் மீண்டும் மிகுவதை முதலிற் கண்டிருக்கக்கூடியவர் கொழுந்தெடுக்கும் பெண்களே. நாளொன்றிலே எத்தனையோ ஆயிரம் தளிர்களை அவர்களின் விரல்கள் தொடுகின்றன. உலகின் எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் இத்தனை கண்களும் விரல்களும் கிடையா. ஆனால் மேலிருந்து கீழே ஏவல் மட்டும் வரும் வழியிலே, கீழிருந்து மேலே செய்தி செல்வது அரிது. அறிவைப் பகிர்தல் என்பது கொடுப்பது மாத்திரமன்று, பெறுவதுமாகும்.

பிற பயிர்களின் வரலாறு

பிற பயிர்கள் சென்ற வழி வேறு. 1960களிலே மெக்சிக்கோவில் நோர்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை இனங்கள் இந்தியாவுக்கு வந்தன. கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிஞர் அவ்விதையை ஆராய்ச்சிப் பண்ணையிலேயே வைத்திருக்கவில்லை. சிறு விவசாயிகளின் சொந்த வயல்களிலே செய்துகாட்டும் பாத்திகளை அமைத்தனர். பக்கத்து வயற்காரன் வரப்பிலே நின்று கண்ணாற் கண்டான். மறு பருவத்திலே விதையைத் தேடி வந்தான். 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 தொன் விதை இறக்குமதி செய்யப்பட்டமைக்கு அவ்விவசாயிகளின் ஆர்வமும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலே இதனினும் இனிய எடுத்துக்காட்டொன்றுண்டு. தஞ்சை மாவட்டத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி உழவர் மொழியிலே நாள்தோறும் எடுத்துரைத்தது. உழவர் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டுவிட்டனர். ஓர் ஆராய்ச்சிப் பயனுக்கு அதனைக் கொண்டுவந்த வாயிலின் பெயரே அமைந்தமை, அவ்வாயில் எத்துணைச் சிறந்தது என்பதைக் காட்டும். நம் நாட்டிலும் 1950களின் இறுதியிலே பத்தலகொடையில் உருவான எச் 4 நெல்லினம் விரைவிற் பரவியது. கமத்தொழில் உத்தியோகத்தர் கமக்காரன் மொழியிலே அவன் வயல் வரப்பில் நின்று பேசியமை அதற்கு உறுதுணையாயிற்று.

தேயிலையிலேயே இத்தகைய சான்று உண்டு. விதையினால் அன்றி ஓரிலைத் துண்டுத் தண்டினாற் கன்று வளர்க்கும் முறையை ஆராய்ச்சி நிலையத்தார் செப்பஞ்செய்து, 2025 முதலிய எண் பெற்ற உயர்ந்த இனங்களை வெளியிட்டனர். தோட்டங்களில் ‘வி.பி. தேயிலை’ என வழங்குவது இதுவே. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிலே அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உடைய கிராமத்தார் இவ்வினங்களை நட்டனர். 1970களிலே சிறுதோட்டக்காரருக்கெனத் தனி அதிகாரசபை நிறுவப்பட்டது. அதன் உத்தியோகத்தர் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய நிலத்திலேயே, நடுகையையும் உரமிடுதலையும் கற்பித்தனர். இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்காற் பங்கு இத்தகைய சிறுதோட்டங்களிலிருந்தே வருகின்றது. தாழ்நிலத்துச் செடிகளின் இளமையும், தட்பவெப்பமும், சொந்த நிலமென்னும் ஊக்கமும் இவ்வளர்ச்சிக்குக் காரணங்களாம். ஆயினும் அறிவு நேரே உழைப்பவன் கையைச் சென்றடைந்தமையும் அவற்றோடு வைத்தெண்ணத்தக்க ஒரு காரணமென்பதை மறுத்தல் இயலாது.

இன்றைய நிலை

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் மலைநாட்டுத் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலே அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமாரின் நிறம் மாறியது. மொழி சிறிது மாறியது. பிரட்டுக்களத்திலே ‘ஏன்’ என்னும் சொல் இன்னும் அரிதாகவே ஒலிக்கின்றது.

அறிவைப் புறக்கணித்தலின் விலையையும் அண்மையிற் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. படிப்படியாகச் செய்யாதவிடத்து விளைச்சல் வீழுமெனப் பயிரறிஞர் எச்சரித்தனர். அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டபோதிலும் கேடு நிகழ்ந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை விளைவு 2022இல் 25 கோடி கிலோவளவாகக் குறைந்தது. கொழுந்து குறைந்தால் நிறைக்கேற்பக் கிடைக்கும் கூலியும் குறையும். ஆராய்ச்சி அறிவு என்பது அறிஞர்க்கு மட்டும் உரிய பொருளன்று, லயத்து அடுப்பிலே ஏறும் உலையோடு தொடர்புடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இப்பொழுது இப்பொருள் முன்னெப்போதையும்விட விரைந்து நம் கவனத்தை வேண்டி நிற்கின்றது. சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தொழிலாளர் குடும்பங்களிடம் ஒப்படைத்து, அவர்கள் பறித்துத் தரும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைக் கைக்கொண்டு வருகின்றன. இம்முறையின் நன்மை தீமைகளைப் பற்றித் தொழிற்சங்கத்தாரிடையே கருத்து வேறுபாடுண்டு. நிலத்தின் உரிமையின்றிப் பொறுப்பை மட்டும் ஏற்றல் தகுமா என்னும் வினா நியாயமானதே. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. நேற்றுவரை ஏவியதைச் செய்த குடும்பம் இன்று எப்பொழுது உரமிடுவது, எப்பொழுது கவ்வாத்து வெட்டுவது, எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தானே தீர்மானிக்க வேண்டியதாகின்றது. அதாவது, தொழிலாளி பயிர்ச்செய்கையாளனாகின்றான். நூற்றைம்பது ஆண்டு செடியோடு வாழ்ந்தவனுக்குக் கைப்பழக்கம் உண்டு. காரண அறிவு தரப்படாவிடின், நட்டம் வரும்போது பழி அவன்மேல் ஏறும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? தலவாக்கலை நிலையத்திலே ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்துள்ள அறிவு மலையகத் தமிழர் பேசும் எளிய தமிழிலே, கவ்வாத்து, கொழுந்து, மலை, நிரை என அவர்கள் வழங்கும் சொற்களிலேயே, அவர்களுக்கு எட்டுதல் வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் செய்துகாட்டும் ஒரு சிறு பாத்தி வேண்டும். பெண்களும் அதிற் பங்குகொள்ளல் வேண்டும்; ஏனெனிற் செடியை அதிகம் தொடுபவர் அவரே. அவர்கள் கண்டதைக் கேட்டெழுதிக்கொள்ளும் செவியும் ஆராய்ச்சியாளரிடம் வேண்டும்.

நம் கல்லூரியிற் பயின்று விவசாய பீடங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் சென்றுள்ள பழைய மாணவர் பலர். தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வந்து கல்வி பயிலும் மாணவரும் உளர். முன்னவர் எழுதும் ஓர் ஆய்வின் முடிபைப் பின்னவரின் தாயார் விளங்கிக்கொள்ளும் தமிழிலே ஒரு பக்கமாக எழுதுதல் பெருஞ்செயலன்று; ஒரு மாலைப்பொழுது போதும். ஆசிரியராகிய நாமும் அயடீன் போத்தலை உருளைக்கிழங்கோடு நிறுத்தாது, பாடசாலை வேலிக்கு அப்பாலுள்ள தேயிலை வேருக்கும் கொண்டு செல்லலாம். மாணவன் அச்செய்தியை வீட்டுக்குக் கொண்டு செல்வான். அங்கிருந்து ஒரு கேள்வி திரும்பி வரும். அக்கேள்விக்கு விடை தேடுவதில் ஆராய்ச்சியின் அடுத்த படி தொடங்குகின்றது.